எந்த ஹொர்னீ ல்ஹோத்தா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். செக் குடியரசில் உங்களோடு வேலை செய்பவர் கொடுத்த திருமண அழைப்பிதழின் உறையில் ஊர்ப் பெயர் ஹொர்னீ ல்ஹோத்தா என்று இருக்கிறது. வரைபடச் செயலியில் தேடினால் அதே பெயரில் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவுக்குள்ளேயே மூன்று இடங்கள் வருகின்றன. உறையின் கடைசி வரியில் 763 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் டோல்னீ ல்ஹோத்தா என்று வேறொரு பெயர் இருக்கிறது. ஏறத்தாழ 79,000 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள நாட்டில் ஒரே பெயரை இத்தனை ஊர்களுக்கு ஏன் வைத்தார்கள், அரசு ஏன் இதை மாற்றாமல் விட்டுவைத்திருக்கிறது என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது, இவ்வளவு பெயர்க் குழப்பத்துக்கு நடுவிலும் கடிதமும் பேருந்தும் விருந்தாளியும் எப்படிச் சரியான ஊருக்குப் போய்ச் சேர்கிறார்கள், நீங்கள் எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்பதற்கான விடை தெரிந்தால் எப்படி என்பது எளிதாகிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வரலாற்று ஆய்வாளனோ மொழியியலாளனோ அல்லன். சரக்கு அனுப்பும் நிறுவனங்களுக்காக முகவரித் தரவுகளைச் சரிபார்த்துத் திருத்தும் வேலையில் பிர்னோ நகரில் பல ஆண்டுகளாக இருப்பவன். ஆகவே முகவரி முறைகளைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. பெயர்களின் பிறப்பைப் பற்றிச் சொல்வது, இங்குள்ள ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட முடிவுகளைப் படித்ததிலிருந்து வருவது.

முதலில் அளவைப் பார்ப்போம். இந்த நாட்டில் தனி ஊராட்சிகள் மட்டும் 6,200க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு ஊராட்சிக்குள்ளும் இருக்கும் குக்கிராமங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகும். நோவா வெஸ் என்ற பெயரில், எந்த அடைமொழியும் இல்லாமல், பத்துக்கும் மேற்பட்ட தனி ஊராட்சிகள் உள்ளன. நோவா வெஸ் என்றால் புதூர். ஒரு புதிய குடியேற்றத்துக்கு அதைவிட இயல்பான பெயர் எந்த நாட்டிலும் கிடையாது என்பதால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ல்ஹோத்தா அப்படியல்ல. அடைமொழி சேர்ந்தவற்றையும் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 300 ல்ஹோத்தாக்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் ஸ்லோவாக்கியாவில் அதுவே லெஹோத்தா என்றும், போலந்தில் லிகோத்தா என்றும் தொடர்கிறது. இந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் காடழித்துக் குடியேறும் பெரும் அலை ஒன்று எழுந்தது. நிலம் அரசனுடையதாகவோ மடத்துடையதாகவோ பிரபுவுடையதாகவோ இருந்தது. அதில் காடு இருக்கும்வரை உடையவருக்கு வருமானம் இல்லை. எனவே லொகாத்தோர் எனப்பட்ட ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவர் பேசி முடிப்பார். அந்த ஒப்பந்தக்காரர் குடும்பங்களைத் திரட்டி வந்து, நிலத்தை அளந்து பகிர்ந்து, ஊரை நிறுவித் தருவார். அதற்குக் கைம்மாறாக, பரம்பரையாகத் தொடரும் ஊர்த்தலைவர் பதவியும் சற்றுப் பெரிய பங்கு நிலமும் அவருக்குக் கிடைக்கும். மரங்களை வெட்டி, வேர்களைப் பெயர்த்து, முதல் விளைச்சலைக் காணும்வரை குடியானவர்களால் எதுவும் செலுத்த முடியாது என்பதால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வரியும் வாடகையும் கேட்பதில்லை என்று தவணை தருவார்கள். அந்தத் தவணைக்குப் பழைய செக் மொழியில் இருந்த சொல்தான் ல்ஹோத்தா. காலக்கெடுவைக் குறிக்கும் இன்றைய செக் சொல்லான ல்ஹூத்தாவும் அதன் உறவே. ஆக, தவணை பெற்று எழுந்த ஊரெல்லாம் தவணை என்றே அழைக்கப்பட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு தவணை இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை; அந்தக் காலத்துக் குடியானவரின் உலகம் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் நடந்து போய்த் திரும்பும் தூரம்தான்.

இதுவரை சொன்னதில் ஆய்வாளர்களிடையே பெரிய சர்ச்சை கிடையாது. ஆனால் ஒவ்வொரு ல்ஹோத்தாவும் இப்படித்தான் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வது சரியாகாது. ஒரு பெயர் வழக்கத்தில் ஊன்றிவிட்டால், பின்னால் வருபவர்கள் பொருளை நினைக்காமலேயே அதைச் சிறு குடியிருப்புக்கான பொதுப்பெயராக எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஊரை நிறுவியபோது எழுதிய ஆவணம் கையில் இல்லாதபோது, பெயரை மட்டும் வைத்து அங்கே வரிவிலக்கு இருந்தது என்றோ அது இந்த நூற்றாண்டில் நிறுவப்பட்டது என்றோ முடிவுகட்டுவது ஊகம் மட்டுமே. ஊராட்சிகளின் வலைத்தளங்களில் இத்தகைய ஊகங்கள் வரலாறாக எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்க்க நேரிடும். கொஞ்சம் ஒதுங்கி நின்றே படியுங்கள்.

மற்ற பொதுப் பெயர்களிலும் இதே போக்கைக் காணலாம். ஊயெஸ்த் என்பது எல்லையைச் சுற்றி வந்து வரையறுத்த நிலப்பகுதியைக் குறித்தது. அந்தச் சொல் இன்னும் சாகவில்லை, ராணுவப் பயிற்சிக்காக ஒதுக்கப்பட்ட பெரும் பரப்புகளுக்குச் சட்டத்தில் இன்றும் அதுவே பெயர். பிஸ்திரிட்சே என்றால் வேகமாக ஓடும் ஓடை. மலைநாட்டில் அப்படிப்பட்ட ஓடைகளுக்குப் பஞ்சமில்லை, எனவே அந்தப் பெயருக்கும் பஞ்சமில்லை. இட்சே என்று முடிபவை பெரும்பாலும் ஒரு மனிதரின் ஆட்கள் என்ற பொருளில் அமைந்தவை: பெத்ர் என்பவரின் ஆட்கள் குடியிருந்த இடம் பெத்ரோவிட்சே. பெத்ர் என்ற பெயர் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு சாதாரணம் பெத்ரோவிட்சேயும். இன்னும் பழைய அடுக்கு ஒன்றும் உண்டு. பெர்ஷெமிஸ்ல் வம்ச அரசர்களின் கோட்டைகளுக்குக் குறிப்பிட்ட ஊழியம் செய்த சிற்றூர்கள் தொழிலாலேயே அழைக்கப்பட்டன: கேடயம் செய்வோர் ஷ்தீத்தரி, ஆடு மேய்ப்போர் ஒவ்சாரி, நாய் வளர்ப்போர் ப்ஸாரி. ஒவ்சாரி கொலீன் மாவட்டத்தில் ஒன்று, ம்யேல்னிக் மாவட்டத்தில் ஒன்று. கொலீன் பக்கத்து ஒவ்சாரியின் அருகில் இன்று டொயோட்டா கார்த் தொழிற்சாலை இருக்கிறது என்பதால், சரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு அந்த ஒன்று மட்டும்தான் ஒவ்சாரி.

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் விருந்தாளிகளோடு நிற்பதில்லை, வரலாற்றுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. சமயச் சீர்திருத்தவாதியான யான் ஹுஸ் தம் ஊர்ப் பெயரான ஹுசினெட்ஸைச் சுருக்கியே ஹுஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டார். தெற்கே ப்ராஹாதிட்சேக்கு அருகிலுள்ள ஹுசினெட்ஸ்தான் அவர் பிறந்த ஊர் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து, நினைவில்லமும் அங்கேதான். ஆனால் பிராக் நகருக்கு வடக்கே வ்ல்தாவா ஆற்றங்கரையில் இன்னொரு ஹுசினெட்ஸ் இருக்கிறது. அதன் எல்லைக்குள் இன்று அணு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பள்ளிப் பாடத்தில் பட்டாணிச் செடியோடு நாம் அறிந்த கிரிகோர் மெண்டல் 1822இல் பிறந்தது ஹின்ச்சிட்சேயில். அது இன்று வ்ராஷ்னே ஊராட்சியின் ஒரு பகுதி. அந்தக் காலத்து ஜெர்மன் ஆவணங்களில் அதன் பெயர் ஹைன்ட்சென்டோர்ஃப். போலந்து எல்லையோரம் நாஹொட் மாவட்டத்தில் தனி ஊராட்சியாக இருக்கும் ஹின்ச்சிட்சேயும் ஜெர்மன் ஆவணங்களில் ஹைன்ட்சென்டோர்ஃப்தான். ஹ்லுமெட்ஸ் கதை இதைவிடச் சுவையானது. 1813இல் நெப்போலியனின் படைப்பிரிவு ஒன்று தோற்ற ஹ்லுமெட்ஸ், ஊஸ்தீ நகருக்கு அருகே ஜெர்மனி எல்லையோரம் இருக்கிறது. முற்றிலும் தோற்றுப்போனவர்களை "ஹ்லுமெட்ஸ் குடியானவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்" என்று செக் மக்கள் சொல்வது, 1775 குடியானவர் எழுச்சி நசுக்கப்பட்ட, த்ஸிட்லினா ஆற்றங்கரை ஹ்லுமெட்ஸை நினைத்து.

வேடிக்கைக்கு இடமில்லாத ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஹொடொனீன் என்றால் செக் மக்கள் பெரும்பாலும் நினைப்பது, செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக் 1850இல் பிறந்த தெற்கு மொராவிய நகரத்தை. ஆனால் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942, 1943 ஆண்டுகளில், ரோமா மக்களை அடைத்துவைத்த முகாம் இருந்த ஹொடொனீன், ப்ளான்ஸ்கோ மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். ஊராட்சியின் பெயர் வெறும் ஹொடொனீன்தான்; நினைவிடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மக்கள் மறக்காமல் "குன்ஷ்டாட் அருகேயுள்ள ஹொடொனீன்" என்று சொல்வார்கள். இங்கே அந்த இரண்டு சொற்களை விடுவது வெறும் கவனக்குறைவாக இராது என்று நான் கருதுகிறேன்.

இப்போது பிரித்தறியும் வழிகளுக்கு வருகிறேன். மிகப் பழைய வழி அடைமொழி. ஆற்றின் பெயர், மலையின் பெயர், அருகிலுள்ள பெரிய ஊரின் பெயர், நிறம், அளவு என எதையும் சேர்ப்பார்கள். லாபே ஆற்றின் மேல் ஊஸ்தீ ஒன்று, ஓர்லிட்சே ஆற்றின் மேல் ஊஸ்தீ ஒன்று. பொஹீமியாவில் இருந்தால் செஸ்கா த்ரெபொவா, மொராவியாவில் இருந்தால் மொராவ்ஸ்கா த்ரெபொவா. சில அடைமொழிகளில் அரசியலும் கலந்திருந்தது. ஜெர்மன் ப்ரோட் என்ற பொருள்தரும் பெயருடன் இருந்த நகரம், போர் முடிந்த 1945இல், அங்கு வாழ்ந்த இதழாளர் ஹவ்லிச்செக்கின் நினைவாக ஹவ்லிச்கூவ் ப்ரோட் ஆனது. நகரங்களுக்கு இந்த வழி நன்றாகவே உதவுகிறது. சிற்றூர்களுக்கு அடைமொழியும் போதாது என்பதற்கு உங்கள் உறையே சாட்சி. ஹொர்னீ என்றால் மேல், டோல்னீ என்றால் கீழ். மேல் ல்ஹோத்தாவும் கீழ் ல்ஹோத்தாவும் ஸ்லீன் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள். ஒஸ்த்ராவா நகரைச் சுற்றியுள்ள மாவட்டத்திலும் அதே பெயர்களில் பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள். பிர்னோவுக்கு வடக்கே ப்ளான்ஸ்கோ நகரத்தின் பகுதிகளாகவும் அதே இணை இருக்கிறது. போதாக்குறைக்கு ஸ்லீன் மாவட்டத்தில் அடைமொழியே இல்லாத ல்ஹோத்தா ஊராட்சி ஒன்றும் தனியாக உண்டு. குட்னா ஹோரா மாவட்டத்துக்காரர்கள் கற்பனைக்கு வேலை கொடுக்காமல் பெத்ரோவிட்சே ஒன்று, பெத்ரோவிட்சே இரண்டு என்று ரோம எண்ணையே அதிகாரப்பூர்வப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க அழகாக இல்லை என்றாலும், என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைவிட இனிய தீர்வு கிடையாது.

அப்படியானால் எல்லாருக்கும் எண் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஊராட்சியின் பெயரை மாற்றுவதென்றால் 2000ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி அந்த ஊரே முன்மொழிய வேண்டும், உள்துறை அமைச்சகம் முடிவெடுக்க வேண்டும். முன்மொழிய ஊருக்கு மனம் வருவதில்லை. கம்யூனிச ஆட்சியில் சிற்றூர்களைப் பெரிய ஊராட்சிகளோடு வலிந்து இணைத்திருந்தார்கள். 1989க்குப் பிறகு அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து தனி ஊராட்சிகளாயின. ஏறத்தாழ 4,100 ஆக இருந்த எண்ணிக்கை 6,200ஐத் தாண்டியது இப்படித்தான். இணைந்திருந்த காலத்தில் ஒரு சிற்றூரை இன்ன ஊராட்சியின் ல்ஹோத்தா என்று சொன்னால் போதும். பிரிந்ததும் அது வெறும் ல்ஹோத்தாவாக நின்றது. சொந்த ஊராட்சி மன்றமும் சொந்தப் பெயரும் அப்போதுதான் திரும்பக் கிடைத்த ஊர், தபால்காரரின் வசதிக்காகப் பெயரை விட்டுக்கொடுக்குமா? ஒரே பெயர் என்பதைச் சங்கடமாகவும் அவர்கள் நினைப்பதில்லை. செக், ஸ்லோவாக் ல்ஹோத்தாக்கள் ஒன்றுகூடி ஆட்டமும் பாட்டுமாக விழா எடுக்கும் வழக்கமே இருக்கிறது.

எனவே பெயரைத் தொடாமல், பெயரைச் சுற்றி வேறு அடையாளங்களைக் கட்டினார்கள். முதலில் வந்தது வீட்டு எண். அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில், 1770, 1771 ஆண்டுகளில், படைக்கு ஆளெடுக்கும் கணக்குக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்தார்கள். அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. சிற்றூர்களில் பெரும்பாலும் தெருப் பெயரே கிடையாது. ஊர்ப் பெயரும் ஓர் எண்ணும்தான் முகவரி. எண்கள் தெரு வரிசையில் போகாமல் வீடு கட்டிய வரிசையில் போவதால், 14க்கு அடுத்த வீடு 203 ஆக இருக்கலாம். அடுத்து, 1973இல் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. மூன்று இலக்கம், இடைவெளி, இரண்டு இலக்கம் என்று எழுதுவார்கள். இதில் வெளிநாட்டவர் இடறும் இடம் ஒன்றுண்டு: அந்த எண் ஊருக்கு உரியதன்று, கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியது. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்படுவதும் அந்த அஞ்சலகத்தின் பெயர்தான். உங்கள் உறையில் ஹொர்னீயும் டோல்னீயும் ஒருசேர இருப்பதற்குக் காரணம் இதுவே. திருமணம் மேல் ல்ஹோத்தாவில், அஞ்சலகம் கீழ் ல்ஹோத்தாவில்.

நில ஆவணத் துறை தன் பங்குக்கு வேறு பட்டியல் வைத்திருக்கிறது. வருவாய்க் கிராமங்களின் பெயர்களில் பக்கத்துப் பெரிய ஊரைச் சேர்த்து, இன்ன ஊருக்கு அருகேயுள்ள நோவா வெஸ் என்று எழுதுவது அங்கே வழக்கம். ஆகவே பத்திரத்தில் உள்ள பெயரும் ஊர் எல்லைப் பலகையில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் மோசடி என்று பதற வேண்டாம். ரயில்வேயும் அப்படித்தான் செய்கிறது. பேருந்து நிறுத்தங்களின் பெயரில் ஊராட்சி, குக்கிராமம், இடம் என்று மூன்று அடுக்குகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். நடுவடுக்கு தேவைப்படாத இடத்தில் இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கும். அச்சுப்பிழை என்று பலர் எண்ணுவது உண்மையில் ஒரு தகவல். ஒரே பெயருடைய ஊராட்சிகளுக்கு மாவட்டத்தின் எழுத்துச் சுருக்கம் கூடவே வரும். இவை அனைத்துக்கும் மேலாக, 2012 முதல் இயங்கும் தேசிய முகவரிப் பதிவேட்டில் ஒவ்வொரு முகவரிக்கும் தனிக் குறியெண் இருக்கிறது. நாங்கள் நம்புவது அதைத்தான். ஊர்ப் பெயரை, வாடிக்கையாளர் படித்துப் பார்த்துக்கொள்வதற்காக மட்டும் அச்சிடுகிறோம்.

உங்கள் ஊருக்கு வருவோம். முதல் இலக்கம் 7 என்பது மொராவியாவின் வடக்கையும் கிழக்கையும் குறிப்பதால் ப்ளான்ஸ்கோ உடனே விலகிவிடுகிறது. அதன் எண்கள் 678 என்று தொடங்குபவை. ஒஸ்த்ராவா பக்கத்து ஹொர்னீ ல்ஹோத்தாவும் 7இல்தான் தொடங்கும், ஆனால் 763 அதற்குரியதன்று. 763 என்பது ஸ்லீன் நகரைச் சுற்றியுள்ள பகுதி. ஆகவே நீங்கள் போக வேண்டியது லுஹாசோவிட்சே என்ற நீரூற்று மருத்துவ நகருக்கு அருகிலுள்ள ஹொர்னீ ல்ஹோத்தா. இதில் எனக்கு ஐயமே இல்லை. லுஹாசோவிட்சே வரை ரயில் உண்டு. வழியில், கிளைப்பாதை பிரியும் நிலையத்தின் பெயர் "லுஹாசோவிட்சே அருகேயுள்ள ஊயெஸ்டெட்ஸ்". அந்தச் சிற்றூர் இன்று ஊஹெர்ஸ்கீ ப்ரோட் நகரத்தின் ஒரு பகுதி. பெயரில் லுஹாசோவிட்சே இருக்கிறதே என்று அங்கேயே வெளியேறிவிடாதீர்கள். இன்னும் சில நிலையங்கள் இருக்கின்றன.

செக் மொழியில் ஊர்ப் பெயரும் வேற்றுமை ஏற்றுத் திரியும் என்பதால், ஊருக்கு என்னும்போது ல்ஹோத்தி என்றும் ஊரில் என்னும்போது ல்ஹோத்யே என்றும் ஒலிக்கும்; நோவா வெஸ் என்பது நோவே வ்ஸி ஆகிவிடும். அழைப்பிதழின் உள்ளே வேறு மாதிரி எழுதியிருந்தால் அது வேறு ஊர் அன்று. கடைசியாக, எண்ணைக் கவனியுங்கள். நிலையான வீடுகளுக்கு ஒரு வரிசை, விடுமுறைக் குடில்களுக்கு வேறொரு வரிசை என்று இரண்டு எண் வரிசைகள் ஒரே ஊரில் இருக்கும். 12ஆம் எண் வீடு ஊர் நடுவிலும் 12ஆம் எண் குடில் காட்டோரத்திலும் இருக்கலாம். விருந்து குடிலில் என்றால், எண்ணுக்கு முன்னால் உள்ள சுருக்கெழுத்து வேறாக இருக்கும். அது உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் தயங்காமல் மணமக்களிடம் செயலியில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். இங்குள்ளவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.